ஆறரை அடி வானம்

வாசகசாலை, ஜன்னலோர மேசை
புதன்கிழமை, காலை பத்தேகால்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம் பல. இங்கே நானும் என் மனைவியும் சுகம். அங்கே தங்கள் சுகத்தையும் சம்பந்தியம்மாவின் சுகத்தையும், முக்கியமாகத் தங்கள் வலது முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவல். அறுவை சிகிச்சைக்குப் பிறகு படி ஏறுகிறீர்களா, இல்லை இன்னும் கூடத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? டாக்டர் சொன்ன பயிற்சியைத் தட்டிக்கழிக்காமல் செய்யவும். இதையெல்லாம் போனிலேயே விசாரித்திருக்கலாம். ஆனால் போனில் தங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, எனக்குத் தங்களிடம் வாய் சரியாக வருவதில்லை. ஆகவே கடிதம். பால் வண்டி டிரைவர் மூன்று மணிக்குக் காலி கேன்களோடு உங்கள் பக்கம் திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்பினால் இருட்டுவதற்குள் தங்கள் கைக்கு வந்துவிடும்.

முதலில் நல்ல செய்தி. கொட்டகைக்குக் கூரை போட்டாகிவிட்டது. அநேகமாகப் போட்டாகிவிட்டது. ஒரு சின்ன பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வீட்டில் உட்கார்ந்து இதை எழுத முடியாது. நான் பேனாவைத் திறந்தாலே என் மனைவி என் முகத்தைப் பார்த்து முழுக் கடிதத்தையும் படித்துவிடுவாள். அதனால் பேப்பர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஒருவர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. நான் கண்ணை மூடி எட்டு நாளாகிறது.

தாங்கள் போன வாரம் எழுதிய கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மடித்து மடித்து நாலாகக் கிழியும் நிலையில் இருக்கிறது. நிலத்துக்காரர் மாதக் கடைசியில் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார், ஏழு மாட்டுக்கும் நனையாத இடம் உங்கள் பக்கம் தயாராக இருந்தால் வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றி அனுப்புகிறேன், இல்லாவிட்டால் அதே வெள்ளிக்கிழமை வியாபாரி வருகிறார், ஏழையும் அவரிடம் கொடுத்துவிடுவேன், ஒன்றையும் பிரிக்கமாட்டேன், போனால் ஏழும் ஒன்றாகப் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். 'ஏழும்' என்ற இடத்தில் பேனாவை அழுத்தியதில் தாள் பின்பக்கம் வரை புடைத்திருக்கிறது. மாப்பிள்ளையோ இங்கே வந்து மாடுகளைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். என் மகள் இங்கே பால் ஊற்ற வீடு வீடாகச் சொல்லி வைத்துவிட்டாள். அவர்கள் பிழைப்பே இனி இந்த ஏழு மாடுதான். இந்த நிலையில் கூரையைப் பற்றித் தங்களுக்கு உண்மையை எழுதுவது என் கடமை. உண்மையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய். அன்றைக்குத் தங்கள் வீட்டுக் கூடத்தில் நாமெல்லாம் உட்கார்ந்திருந்தபோது, முழங்காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு நீங்கள் "இனிமே என்னால முடியாது, வித்துடலாம்னு பாக்கறேன்" என்றீர்களே, அப்போது என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். காலி டம்ளரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். நீங்கள் மாடு வளர்த்த பன்னிரண்டு வருஷத்தில் கடைசி நான்கு வருஷம் அந்த மாடுகளைக் குளிப்பாட்டியதும் கறந்ததும் அவள்தானே. எனக்குத் தாங்கவில்லை. "எங்க வீட்டுக்குப் பின்னால இடம் கிடக்குது. கூரையை என்கிட்ட விடுங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்து, "பரவாயில்ல" என்று எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னேன். வழியெல்லாம் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் ஒன்றும் கையாலாகாதவன் அல்ல, சம்பந்தி. முப்பத்து நான்கு வருஷம் நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருந்தவன். தாள் தாளாக வரும் படங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டுவது என் வேலை. இந்தத் தாளின் ஓரமும் அடுத்த தாளின் ஓரமும் மயிரிழை விலகாமல், மயிரிழை ஏறாமல் உட்கார வேண்டும். ஏறினால் ஒரு தெருவே காணாமல் போய்விடும். ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் ஒரு தாளைக் கொஞ்சம் ஏற்றி ஒட்டிவிட்டதில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாசல் இல்லாமல் போய், அதை விசாரிக்க மேலிடத்திலிருந்து ஆள் வந்தார். அன்றிலிருந்து என் பிரிவில் ஒன்றின் மேல் ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

கம்பம் நடுவதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பழைய டெலிபோன் மரக்கம்பங்கள் பத்து மலிவாகக் கிடைத்தன. ஒரு மாட்டுக்கு ஆறடி வேண்டும், அதிலும் உதைக்கிற சிவப்பியை எதோடும் நெருக்கிக் கட்டக்கூடாது என்று நீங்கள் குறித்துக் கொடுத்தபடி, ஏழுக்கும் சேர்த்து நாற்பத்திரண்டு அடி நீளம், இருபது அடி அகலம். நூல் பிடித்து, மூலைமட்டம் வைத்து, காலில் சிமெண்ட் போட்டு இறுக்கினேன். ஒரு விரல்கூடப் பிசகவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் இருக்கிறார். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத மனிதர். வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை எங்கள் வேலையைப் பார்ப்பதுதான் அவருக்கு இப்போது உத்தியோகம். அவரே வந்து கம்பத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "நேராத்தான் இருக்கு" என்றார். குறை சொல்ல முடியாத வருத்தம் அவர் குரலில் நன்றாகத் தெரிந்தது. அன்று மாலை நான் இரண்டு டம்ளர் டீ குடித்தேன்.

ஆனால் கம்பமும் சிமெண்டும் மரச்சட்டமும் கையில் இருந்ததில் பெரும்பாலானதை விழுங்கிவிட்டன. புதுத் தகரம் வாங்கும் யோகம் நமக்கில்லை என்று முடிவாகிவிட்டது. விசாரித்ததில், ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையைப் பிரித்துப் போட்ட அலைத்தகரம் பழைய சாமான் கடை ஒன்றில் கிடப்பதாகத் தெரிந்தது. மூன்றடி அகலம், பத்தடி நீளம். வீட்டிலேயே கணக்குப் போட்டு, படம் வரைந்து, வண்ணம்கூடத் தீட்டி எடுத்துப் போயிருந்தேன். நாற்பத்திரண்டை மூன்றால் வகுத்தால் பதினான்கு. இந்தச் சரிவுக்குப் பதினான்கு, அந்தச் சரிவுக்குப் பதினான்கு, ஆக இருபத்தெட்டு. கடைக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணு மேல ஒண்ணு ஏறுமே சார், அதுக்குச் சேர்த்து எடுக்கலையா?" என்றார். சரிதான், தலையில் நாலு தகரம் கூடுதலாகக் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "ஏத்தி வைக்கிறது ஒழுங்கா அளக்கத் தெரியாதவங்க வேலை. எனக்கு இருபத்தெட்டு போதும்" என்றேன். "சார் கணக்கு தெரிஞ்சவங்க" என்று சொல்லி இருபத்தெட்டையும் எண்ணி வண்டியில் போட்டார். அந்த வார்த்தையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வீடு வந்தேன்.

கூரை போட வந்தவரின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோரும் அவரை 'ஆகட்டும்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதைச் சொன்னாலும் "ஆகட்டும் சார்" என்பார். குறைந்த கூலி கேட்டார், தன்மையான மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். என் படத்தைக் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "ஆகட்டும் சார்" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெருமூச்சை நான் கவனித்திருக்க வேண்டும். படத்தின் அழகில் மெய்மறந்துவிட்டார் என்று நினைத்துவிட்டேன்.

முதல் நாளே முதல் அடி விழுந்தது. இந்தப் பக்கம் ஒரு தகரம், அந்தப் பக்கம் ஒரு தகரம் ஏற்றிப் பார்த்தால் உச்சியில் இரண்டும் சேரவில்லை. நடுவே ஓரடி இடைவெளி. அதன் வழியாக ஒரு காக்கை உள்ளே வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் வெளியே போயிற்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அகலம் இருபது, பாதி பத்து, தகரம் பத்து, பிறகு எப்படி? ஆகட்டும் மெதுவாகச் சொன்னார்: "தரையில பத்துதான் சார். கூரை சாய்ஞ்சு ஏறுதுல்ல, அந்த வழியா அளந்தா பத்தரைகிட்ட வரும்." சம்பந்தி, வரைபடத்தில் எல்லாவற்றையும் மேலே இருந்துதான் பார்ப்போம். மலைகூட எங்களுக்குத் தட்டைதான். முப்பத்து நான்கு வருஷம் மேலே இருந்தே பார்த்துப் பழகியவன் கூரையையும் அப்படியே பார்த்துவிட்டேன். "அப்ப சரிவைக் கொஞ்சம் குறைச்சிடலாமா?" என்றேன். "ஆகட்டும் சார். முழுக்கக் குறைச்சிட்டா இடைவெளியே இருக்காது. தண்ணியும் எங்கேயும் போகாது, மேலேயே நிக்கும்" என்றார். பதினைந்து வருஷமாகக் கூரை போடுகிறவர், இதை முந்தாநாள் சொல்லியிருந்தால் என்ன?

உச்சி இடைவெளிக்கு வழி சொன்னது என் மனைவி. காலி எண்ணெய் டின்களை வெட்டிப் பிரித்து, தட்டி, மடித்து உச்சியில் தொப்பி மாதிரி கவிழ்த்துவிடலாம் என்றாள். இப்போது தெருவில் எந்த வீட்டிலும் காலி டின் மிச்சமில்லை. நானே கோணிப்பையோடு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஓய்வு பெற்ற அதிகாரி, கௌரவமாக வாழ்ந்தவன், "ஏதாவது காலி டின் இருக்குமா?" என்று வாசலில் நின்றால் மனிதர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று தங்களுக்குத் தெரியாது. ஒரு வீட்டில் ஒரு அம்மா உள்ளே திரும்பி, "பாவம், பென்ஷன் வரலை போல" என்றாள். எப்படியோ ஐம்பத்திரண்டு டின் சேர்ந்தது. இப்போது நம் கொட்டகையின் உச்சியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சூரியகாந்திப் பூ, கடலைச் செடி, சிரிக்கிற ஒரு குழந்தை, மறுபடி சூரியகாந்திப் பூ என்று வரிசையாக இருக்கிறது. ஒழுகவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது ஓட்டைகள். பழைய தகரம் அல்லவா, கோழிப்பண்ணையில் ஸ்க்ரூ அடித்த ஓட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன. மத்தியான வெயிலில், அதுவரை ஏறியிருந்த தகரத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். தலை சுற்றியது. எண்ணினேன், முந்நூற்றுப் பதினொன்று. அலுவலகப் பழக்கம் விடுமா? கட்டம் போட்டு, எண் கொடுத்து, ஓட்டைகளுக்கு ஒரு வரைபடமே தயாரித்துவிட்டேன். நான் கீழே நின்று, "மூணாவது கட்டம், கிழக்கே ரெண்டு விரல்" என்பேன். அவர் மேலே இருந்து "ஆகட்டும் சார்" என்பார். தார் தடவிய துணியை வைத்து அழுத்துவார். என்னுடைய ஏழு பழைய சட்டைகள் அந்தக் கூரையில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு பழையவை அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாம் அடைத்த பிறகு என் மனைவி குழாயை மேலே பிடித்துத் தண்ணீர் அடித்தாள், நான் உள்ளே நின்றேன். இருபது இடத்தில் ஒழுகியது. காரணம் பழைய ஓட்டை இல்லை. முதல் வரிசையில் நானே ஆர்வக் கோளாறில் ஏணியில் ஏறி, தகரத்தின் பள்ளத்தில் ஸ்க்ரூவை அடித்திருக்கிறேன். பள்ளத்தில்தான் தகரம் கட்டையோடு ஒட்டி உட்காருகிறது, இறுக்கமாகப் பிடிக்கும் என்று என் எண்ணம். தண்ணீர் ஓடுகிற வழியே பள்ளம்தான், ஸ்க்ரூ மேட்டில் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. "சொல்லக்கூடாதாய்யா?" என்று கேட்டேன். "ரொம்ப ஆசையா அடிச்சிட்டிருந்தீங்க சார்" என்றார்.

இதெல்லாம்கூடப் போகட்டும், சம்பந்தி. இதெல்லாம் சரியாகிவிட்டது. இப்போது பாக்கிக்கு வருகிறேன். எழுதக் கை வரவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தகரம் தீர்ந்துவிட்டது. கொட்டகை தீரவில்லை. ஆகட்டும் ஒவ்வொரு தகரத்தையும் பக்கத்துத் தகரத்தின் மேல் அரையடி ஏற்றித்தான் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் கீழே ஓட்டை வரைபடத்தில் மூழ்கியிருந்ததால் கவனிக்கவில்லை. பதினான்கு தகரமும் ஏறிய பிறகு பார்த்தால் முப்பத்தைந்தரை அடிதான் மூடியிருக்கிறது. கடைசியில் ஆறரை அடிக்கு வெறும் சட்டம், அதற்கு மேல் வானம். நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரைப் பார்த்து அப்படிக் கத்தினேன். "யாரைக் கேட்டு ஏத்தி வச்சீங்க? படத்துல ஏத்தம் இருக்கா?" அவர் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏத்தி வைக்கலைன்னா ஒவ்வொரு சந்துலயும் மழை உள்ள வரும் சார். பேப்பர் மேல மழை பேயாது." பிறகு கேட்டேன், படத்தைப் பார்த்த அன்றைக்கே இருபத்தெட்டு பத்தாது என்று தெரியுமா என்று. "தெரியும் சார். அவ்வளவு அழகா கலர் எல்லாம் போட்டு எடுத்துட்டு வந்தீங்க. எதுக்கு மனசைக் கஷ்டப்படுத்தணும்னு விட்டுட்டேன்" என்றார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கண்டக்டர், "கம்பம் மட்டும் நேரா இருக்கு" என்றார்.

ஆறரை அடி என்றால் ஒரு மாடு. ஆறு மாட்டுக்குக் கூரை இருக்கிறது, ஏழாவதுக்கு இல்லை. நெருக்கிக் கட்டலாம் என்றால் சிவப்பி உதைப்பாள். கம்பத்தைப் பிடுங்கிக் கொட்டகையையே சின்னதாக்கிவிடலாம் என்றுகூட யோசித்தேன். மாடு எண்ணிக்கை ஏழாகவே இருக்கும் என்பது ஒரு கம்பத்தின் காலைக் கடப்பாரையால் பாதி தோண்டிய பிறகுதான் உறைத்தது. உடனே பழைய சாமான் கடைக்கு ஓடினேன், மூச்சிரைக்க. மிச்சத் தகரத்தை ஒரு செங்கல் சூளைக்காரர் முந்தின நாளே அள்ளிக்கொண்டு போய்விட்டாராம். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டார். புதுத் தகரம் ஆறு வாங்கலாம் என்றால் விலை கையைச் சுடுகிறது, தவிர அதன் அலையின் அளவு வேறு, பழையதோடு படிந்து உட்காராது. நேற்று தார்ப்பாய் ஒன்றைக் கடன் வாங்கி அந்த ஆறரை அடியை மூடினேன். மத்தியானம் ஒரே ஒரு காற்று. தார்ப்பாய் எழும்பி, வேலியைத் தாண்டி, கண்டக்டரை நாற்காலியோடு மூடிவிட்டது. அவரை வெளியே எடுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. இனிமேல் அவர் பேசமாட்டார் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் வராததுமாக, "இதுக்குள்ளயும் ஒழுகும்" என்றார்.

நேற்று மாலை மகள் போன் செய்தாள். "அப்பா, கூரை ஆச்சா?" என்றாள். "ஆச்சும்மா" என்றேன். "ஏழுக்கும் இடம் இருக்குல்ல?" "தாராளமா இருக்கு." எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. அவள் சிரித்தாள். "மாமா நேத்து முழுக்க முறுக்கிட்டே இருந்தாரு. எங்கப்பா அளந்தா அளந்ததுதான் மாமான்னு சொல்லிட்டேன்" என்றாள். போனை வைத்த பிறகு நான் கொட்டகைக்குள் போய், கூரை இல்லாத அந்தக் கடைசி இடத்தில் நின்றேன். தெற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சம்பந்தி. அறுபத்து மூன்று வயதில் மாடு கட்டும் இடத்தில் நின்று அழுதேன். மகளுக்கு நான் செய்து கொடுப்பதாகச் சொன்னது இந்த ஒன்றுதான். அவள் படிப்பு, கல்யாணம் எல்லாம் அவள் அம்மா பார்த்துக்கொண்டது. நான் எப்போதும் அலுவலகத்தில் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு நாளில் ஆறு தகரம் முளைக்கப் போவதில்லை. மழைக்காலம் முழுக்க ஒரு மாட்டை வானத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு, தங்களிடம் ஏழுக்கும் இடம் இருக்கிறது என்று பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை. நனைந்தால் காய்ச்சல் வரும், மடி வீங்கும், அது உங்கள் கையில் வளர்ந்த மாடு. ஆகவே, தாங்கள் எழுதியபடியே வெள்ளிக்கிழமை வியாபாரியிடம் கொடுத்துவிடுங்கள். ஏழையும் ஒரே வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி அவரிடம் கேட்டுப் பாருங்கள். மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. மாப்பிள்ளை கம்பெனியில் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று தாங்கள்தான் பக்குவமாக விசாரிக்க வேண்டும்.

தங்களுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும், நியாயம்தான். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் பணிவான விசாரிப்புகள். மாப்பிள்ளைக்கு என் ஆசிகளை இப்போதைக்குக் கடிதத்தில் மட்டும் தெரிவிக்கவும். நேரில் தெரிவிக்கும் தைரியம் வந்ததும் வருகிறேன். தங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கி நிமிரவும், குடும்பத்தில் எல்லோரும் குறைவின்றி இருக்கவும் மனதார வேண்டுகிறேன்.

தலைகுனிவுடன்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு:

மேலே எழுதியிருப்பதில் ஒன்றையும் செய்துவிடாதீர்கள்! மணி இரண்டு ஐம்பது. உறை எடுக்க வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்குப் பின்பக்கம் தகரம் போட்ட ஒரு அறை இருக்கிறதல்லவா, என் மேசையும் அலமாரியும் இருக்கும் அறை, நீங்கள் வந்தால் படுப்பதும் அதில்தான். கதவைத் திறந்தால் உள்ளே வெயில் அடிக்கிறது. என் கட்டில்மேல் நேராகச் சூரியன். கூரையைக் காணோம். திருடன் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் ஓடிப் போய்ப் பார்த்தால் ஆகட்டும் கொட்டகை உச்சியில் இருக்கிறார், என் மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான்கு தகரம் ஏறிவிட்டது, ஐந்தாவது ஏறிக்கொண்டிருக்கிறது. அலை அச்சு அசல் அதே அளவு, படிந்து உட்காருகிறது. வேலி தாண்டி வந்து தகரத்தின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்திருப்பது யார் என்று நினைக்கிறீர்கள், கண்டக்டர்!

"என்ன பண்ணியிருக்கே?" என்று கேட்டேன். "பேப்பர் பாக்கப் போறவர் பேனாவும் எட்டுத் தாளும் எடுத்துட்டா போவாரு? நீங்க என்ன எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதான் நீங்க திரும்பி வர்றதுக்குள்ள முடிக்கணும்னு நின்னேன்" என்றாள். "அது என் அறை. மழை வந்தா நான் நனைய மாட்டேனா?" என்றேன். "மாடு நனைஞ்சா பால் குறையும். நீங்க நனைஞ்சா என்ன குறையப்போகுது? கூடத்துல வந்து படுங்க. ஏணியைப் பிடிங்க, எனக்குக் கை வலிக்குது" என்றாள். பிடித்தேன். பிடித்துக்கொண்டே கொஞ்சம் அழுதேன், யாரும் பார்க்கவில்லை.

திருப்பி எழுத நேரமில்லை, பால் வண்டி வாசலில் ஹாரன் அடிக்கிறது. வியாபாரியை வரவேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஏழையும் ஏற்றி அனுப்புங்கள், சிவப்பியைக் கடைசியாக ஏற்றுங்கள். நீங்களும் சம்பந்தியம்மாவும் எப்போது வந்தாலும் கூடத்தில் இடம் இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். மகள் ஏதாவது கேட்டால், அப்பா கணக்கு சரியாகத்தான் இருந்தது என்று சொல்லிவிடுங்கள்.